முன் 30, பின் 34

என் மனைவியின் தம்பிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்று பதினோரு மாதம் ஆகியிருந்தது. ஒரே வீடு, ஒரே குழாய், ஒரே சாவி. நடையில் எதிரே வந்தால் அவன் ஒரு பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு போவான், நான் மறு பக்கச் சுவரைப் பார்ப்பேன். எங்கள் வீட்டுச் சுவர்களை எங்கள் இருவரையும்போல உற்றுப் பார்த்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு பையோடு வந்தவன். ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. பையோடு ஒரு ஸ்போர்ட்ஸ் பைக்கும் வந்தது. தெருவில் நிறுத்தினால் கண்டவனும் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பான் என்று அதை முன்னறைக்குள் ஏற்றினான். பின்னாலேயே சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் இரும்பு ஸ்டாண்ட், செயினுக்கு அடிக்கிற எண்ணெய் டப்பா, ஆணியில் தொங்கும் தோல் உடுப்பு எல்லாம் உள்ளே வந்தன. அந்த உடுப்பு தலையில்லாத மனுஷன் மாதிரி சுவரோடு சாய்ந்து நிற்கும். முன்னறையில் இருந்த என் கட்டில் மடங்கி மாடிப்படிக்கு அடியில் போனது. பகல் முழுக்க டயரைக் கழற்றி மாட்டுகிற முதுகு என்னுடையது. அதை அடுக்களைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு பாயைப் போட்டுக் கிடத்தினேன். யார் எழுந்து போனாலும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். பைக்குக்கு ஃபேன், எனக்கு ஈரக் கால்.

ஒரு விடுமுறை நாளில் தரையெல்லாம் எண்ணெய்க் கறையாக இருக்கிறதே, தேய்த்துக் கழுவலாம் என்று வண்டியைத் தெருவில் உருட்டி வைத்தேன். தள்ளுவண்டிக்காரன் ஒருவன் பக்கத் தகட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போய்விட்டான். சுண்டு விரல் நீளக் கோடு. அதற்கு மச்சினன் வாசலில் நின்று சொன்னது:

"இது உங்க வீடு இல்ல மாமா. எங்கக்கா வீடு. வாடகைப் பத்திரத்துல யார் பேர் இருக்குன்னு படிச்சுப் பாருங்க. இப்பதான் படிக்கத் தெரியுமே."

பத்திரத்தில் என் மனைவி பெயர்தான் இருக்கிறது. அந்த வீட்டுக்கு வந்தபோது எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. நாற்பத்தாறு வயதில்தான் எழுத்துக் கூட்டினேன். அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அதனால்தான் பேச்சை விட்டேன். பொய்யென்றால் பதில் சொல்லியிருப்பேன்.

இப்படி இருக்கையில் அவனுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஊருக்கு வெளியே டிராக் ஒன்று இருக்கிறது. அங்கே பைக் ஓட்டக் கற்றுக் கொடுக்கும் பள்ளிக்கு இரண்டு பயிற்சியாளர்கள் வேண்டும். ஐந்து பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆளுக்கு மூன்று ரவுண்டு, ரவுண்டுக்கு ஆறு சுற்று. அவரவர் வண்டி, அவரவர் டயர். வேகம் மட்டும் போதாது. ஆறு சுற்றும் அச்சில் வார்த்தமாதிரி ஒரே ஒழுங்கில் இருக்க வேண்டும். விழுந்தாலோ தடுமாறினாலோ பெயரை அடித்துவிடுவார்கள். தேறினால் வேலை, அதோடு டிராக்குக்குள்ளேயே தங்க அறை.

தங்க அறை என்று என் மனைவி சொன்னபோது நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கினேன்.

"என்ன, முகம் மலருது?" என்றாள்.

"எனக்கென்ன. அவன் நல்லா இருந்தா சரி."

"உங்க நல்லெண்ணம் எனக்குத் தெரியாதா."

அன்று சாயங்காலம் மச்சினன் முன்னறை வாசலில் உட்கார்ந்து செயினைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் மூன்றடி தள்ளி நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, டிராக்குல ஓட்டுறதுக்கு டயர்ல எவ்வளவு காத்து இருக்கணும்னு கேளு."

"கேட்டுச்சில்ல? சொல்லுங்க," என்றாள் அவள்.

"வண்டியைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்லு. நானே பிடிச்சு விடுறேன்."

"அவர் கை என் வண்டியில பட வேண்டாம். ஏற்கனவே பட்ட கோடே போதும். நம்பர் மட்டும் எழுதித் தரச் சொல்லு."

"நான் என்ன தபால்காரியா?" என்று என் மனைவி மடித்த துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். செயின் மட்டும் கடகடத்தது.

அந்த வண்டியின் பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கையில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன் சக்கரம் 36, பின் சக்கரம் 42 என்று போட்டிருக்கும். அது ரோட்டுக்கு. ஆள், மூட்டை, பள்ளம், மேடு எல்லாவற்றையும் கணக்கில் வைத்துச் சொன்னது. டிராக்கில் வளைவுக்கு வளைவு வண்டியைத் தரையில் படுக்க வைப்பார்கள். ரப்பர் தரையில் நன்றாகப் பதிய வேண்டும், அதனால் காற்றைக் குறைக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஓடினால் டயர் சூடாகும். சூடானால் உள்ளே இருக்கிற காற்று விரியும். கிளம்பும்போது இருந்த அளவு திரும்பி வரும்போது இருக்காது. ஆகையால் டிராக்குக்கு இரண்டு நம்பர் வேண்டும். ஆறின டயரில் எவ்வளவு, சூடான டயரில் எவ்வளவு. அவன் போட்டிருந்த டயருக்கு, அவன் எடைக்கு, அந்த வெயிலுக்கு, ஆறினபோது முப்பது வைத்தால் ஓடி வந்ததும் முப்பத்துநான்கு காட்ட வேண்டும். கூடக் காட்டினால் திறந்து விட வேண்டும். குறைவாகக் காட்டினால் ஏற்ற வேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் இதேதான். கடைக்கு வரும் பந்தயக்காரர்களுக்கு இருபது வருடமாகப் பிடித்துவிட்டுக் கைக்கு வந்த கணக்கு இது.

புது டயரில் ஒட்டி வரும் லேபிள் ஒன்றின் பின்புறத்தில் எழுதினேன். எழுத்து எனக்கு இன்னும் கல் சுமக்கிற வேலைதான். ஒரு எழுத்து குறைந்தால் ஒரு கல் குறைவு. அதனால் சுருக்கமாக எழுதினேன்.

முன் 30
பின் 34

ஓடுவதற்கு முன் முப்பது. ஓடி வந்த பின் முப்பத்துநான்கு. இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவாக இருக்கும்போது சக்கரத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? லேபிளை அவன் ஹெல்மெட்டுக்குள் போட்டுவிட்டுப் பாயில் போய்ப் படுத்தேன்.

பரீட்சை நாளன்று டிராக் ஓரத்து ஷெட்டில் காற்றுப் பிடிக்கும் வேலை எங்கள் கடைக்குத்தான் வந்தது. கம்ப்ரஸரையும் என்னையும் சேர்த்து ஏற்றி அனுப்பினார் முதலாளி. காலை ஏழு மணிக்கே ஷெட்டுக்குள் குழாயை விரித்து உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பார்த்ததும் மச்சினன் வண்டியை ஷெட்டின் கடைசி மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனான். பையிலிருந்து மிதி பம்ப் ஒன்றை எடுத்தான். ஊரே கம்ப்ரஸரில் காற்றுப் பிடிக்க வரிசையில் நிற்க, அவன் மட்டும் தோல் உடுப்போடு பம்பை மிதித்து வியர்த்துக்கொண்டிருந்தான். பார்க்க எனக்குச் சுகமாகத்தான் இருந்தது.

மற்ற நாலு பேரும் என்னிடம் வந்தார்கள். ஒருவன் பருத்த ஆள், நாற்பத்திரண்டு வை என்று நின்றான்.

"டிராக்குக்கு அது ரொம்ப ஜாஸ்தி," என்றேன்.

"டயர்லயே நாப்பத்திரெண்டுன்னு அச்சடிச்சிருக்கு. கம்பெனிக்காரனைவிட உமக்குத் தெரியுமா?"

"அது அதுக்கு மேல போகாதேன்னு சொல்றது. பஸ்ஸுல நாப்பது பேருன்னு எழுதியிருக்கிறதால நாப்பது பேரையும் பிடிச்சு ஏத்தித்தான் ஆகணுமா?"

"காத்துக்காரரே, உம்ம வேலை காத்து. வாய் இல்ல."

வைத்துவிட்டேன். அவன் விழுந்தால் எனக்கென்ன, என் முன்னறையிலா தூங்குகிறான்? அவனுக்கு அன்று முழுக்க நாற்பத்திரண்டு என்பதே பெயராகிவிட்டது. முதல் ரவுண்டில் மூன்றாம் சுற்றிலேயே புல்லில் இறங்கினான். அடிபடவில்லை. பெயரை மட்டும் அடித்தார்கள். ஆனாலும் வீட்டுக்குப் போகாமல் மற்றவர்கள் எப்போது விழுவார்கள் என்று பார்த்தபடி ஷெட்டிலேயே நின்றான்.

பரீட்சை வைத்தது ஒரு பெண். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். ஒவ்வொருவருக்கும் பின்னால் தன் வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு அட்டையில் குறிப்பாள். எல்லோரும் மேடம் என்றார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

மச்சினன் நான்காவதாகப் போனான். என் இடத்திலிருந்து நேர்ப் பாதை முடிகிற வளைவு தெரியும். முதல் மூன்று சுற்றும் தண்ணீரில் கோடு போட்டமாதிரி போனான். எனக்கு உள்ளுக்குள் கட்டிலை விரித்தாகிவிட்டது. நான்காம் சுற்றில் வளைவிலிருந்து நிமிர்த்தி வேகம் எடுக்கும்போது வண்டியின் பின்பக்கம் வெளியே துள்ளியது. எப்படியோ பிடித்துக்கொண்டான். ஐந்தாம் சுற்றில் மறுபடி அதே இடம், அதே துள்ளல், இன்னும் அகலமாக. ஆறாம் சுற்றை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினான். காற்றளவு காட்டும் கேஜை எடுத்துப் பின் சக்கரத்தில் வைத்துப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். சுவரை அல்ல, என்னை.

ஹெல்மெட்டிலிருந்து லேபிளை உருவிக்கொண்டு ஷெட் முழுவதையும் கடந்து வந்தான்.

"என்னைக் கொல்றதுன்னா வீட்டுலயே விஷம் வெச்சிருக்கலாமே மாமா. எதுக்கு இவ்வளவு தூரம் வந்து கஷ்டப்படுறீங்க?"

பதினோரு மாதம் கழித்து என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

"என்ன உளர்றே?"

"பின்னாடி முப்பத்தொன்பது காட்டுது. டயர் கல்லாட்டம் கிடக்கு. ரெண்டு தடவை தூக்கி எறியப் பார்த்துச்சு."

"முப்பத்தொன்பதா? எப்படிக் காட்டும்? நான் எழுதினபடி வெச்சா காட்டாது."

"எழுதினபடிதான் வெச்சேன். இந்தாங்க, உங்க கையெழுத்து. கோழி கிளறினமாதிரி இருக்கே, வேற யாரோடதாவது இருக்குமா? முன்னாடி முப்பதுன்னு இருக்கா இல்லையா?"

"இருக்கு. முன்னாடி முப்பதுதான்."

"பின்னாடி முப்பத்திநாலுன்னு இருக்கா இல்லையா?"

"இருக்குடா. பின்னாடி முப்பத்திநாலுதான். அதைத்தானே சொல்றேன்."

"அதைத்தான் நானும் வெச்சேன்."

"வெச்சிருந்தா ஆடியிருக்காது."

"வெச்சதாலதான் ஆடுச்சு."

நாற்பத்திரண்டு பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். "அடிச்சுக்கிறதுன்னா தள்ளிப் போய் அடிச்சுக்குங்க, இங்க நிழலே கொஞ்சம்தான்," என்று மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தான். யாரும் தள்ளிப் போகவில்லை. கூட்டம்தான் சேர்ந்தது.

மச்சினன் விடவில்லை. என் வாழ்நாளில் நான் கெடுத்தவற்றின் பட்டியல் அவனிடம் இருந்தது. பக்கத் தகட்டுக் கோட்டிலிருந்து ஆரம்பித்தான். நானும் விடவில்லை. எண்ணெய்க் கறையிலிருந்து ஆரம்பித்தேன். குளியலறை வாசலில் தினமும் என் காலை மிதிப்பது வேண்டுமென்றுதான் என்றேன். தூங்குகிற ஆள் காலை மடக்கிக்கொள்ள வேண்டியதுதானே என்றான். பதினோரு மாதம் பேசாமல் வைத்திருந்ததை இரண்டு பேரும் அங்கே கொட்டினோம்.

கடைசியில் அவன் சொன்னான்: "எழுத்து தெரியாத ஆள்கிட்ட எழுதி வாங்கினேன் பாரு, அது என் தப்பு."

என் கை குழாயின் பித்தளை முனையைப் பிடித்திருந்தது. அதை அவன் முகத்தில் வீசாததற்குக் காரணம், அந்த நேரத்தில் மேடம் வந்ததுதான். அவள் எங்களைப் பார்க்கவில்லை. மூலைக்குப் போய்க் குனிந்து அவன் பின் டயரைப் பார்த்தாள். விரலால் தேய்த்தாள். ரப்பர் அழிப்பானைத் தேய்த்தால் வருகிற மாதிரிச் சிறு சிறு திரியாக ரப்பர் உதிர்ந்தது.

"ரெண்டு தடவை ஆடியிருக்கீங்க. வண்டியைப் பிடிச்சுட்டீங்க, அதனால பேர் இன்னும் இருக்கு. அடுத்த ரவுண்டுல ஒரு தடவை ஆடினாலும் அடிச்சிடுவேன். பதினஞ்சு நிமிஷத்துல உங்களைக் கூப்பிடுவேன். உங்க டயர் ஆள் யாரு?"

"எனக்கு டயர் ஆள் கிடையாது மேடம்," என்றான் அவன்.

"தெரியுது," என்றுவிட்டுப் போனாள்.

அவள் போனதும் நான் கேட்டேன். கத்தாமல் கேட்டேன், கத்தக் குரல் இல்லை. "காலையில கிளம்புறதுக்கு முன்ன, டயர் ஓடவே இல்லாதப்ப, பின் சக்கரத்துல எவ்வளவு வெச்சே?"

"எத்தனை தடவை சொல்றது. பின்னாடி முப்பத்திநாலு."

"ஓடாத டயர்லயா?"

"பின்னாடி சக்கரத்துல. பின்னாடின்னா பின்னாடி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. லேபிளை அவன் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தேன். முன். பின். நான் நேரத்தைச் சொன்னேன். அவன் சக்கரத்தைப் படித்தான். ரோட்டு ஸ்டிக்கரில் பின் சக்கரத்துக்குத்தான் கூட என்று போட்டிருப்பதால் அவனுக்குச் சந்தேகமும் வரவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்க வாய் இல்லை. ஒரு வார்த்தை சேர்த்து எழுதியிருந்தாலும் தீர்ந்திருக்கும். அதற்கு எனக்குச் சோம்பல்.

"ஓடுறதுக்கு முன்ன முப்பது. ஓடி வந்த பின்ன முப்பத்திநாலு," என்றேன். "ரெண்டு சக்கரத்துக்கும்."

அவன் லேபிளைத் திரும்பப் பிடுங்கிப் படித்தான்.

"அதை அப்படியே எழுத வேண்டியதுதானே?"

"நீ கேக்க வேண்டியதுதானே?"

நாற்பத்திரண்டு லேபிளை எட்டிப் பார்த்தான். "நானும் இவர் மாதிரிதான் படிச்சிருப்பேன்," என்றான்.

"நீர் டயரையே ஒழுங்காப் படிக்கலையேய்யா," என்றேன். அவன் அப்புறம் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டான்.

மச்சினன் ஓடிப் போய்ப் பின் சக்கரத்து வால்வை அழுத்தப் போனான். "முப்பத்திநாலுக்கு இறக்கிடுறேன். ஓடி வந்தாச்சில்ல? ஓடின பின்ன முப்பத்திநாலுதானே உங்க கணக்கு?"

"கையை எடு. ஆறிப்போச்சு."

வந்த உடனே இறக்கியிருந்தால் அந்தக் கணக்கு சரி. வந்த உடனே என்ன செய்தோம்? தெருச்சண்டை போட்டோம். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். இங்கே நேர்மாறு. எங்கள் இரண்டு பேருக்கும் சூடு ஏறிக்கொண்டே போக, டயர் ஆறிக்கொண்டே இருந்தது. உள்ளங்கையை ரப்பரின் மேல் வைத்தேன். குடிக்கப் பதமான டீ டம்ளரைத் தொட்டமாதிரி இருந்தது. சூடான டயரும் இல்லை, ஆறின டயரும் இல்லை. என் முப்பதும் உதவாது, முப்பத்துநான்கும் உதவாது. முழுக்க ஆற விடலாமென்றால் ஒரு மணி நேரம் வேண்டும். இருந்தது ஒன்பது நிமிடம்.

கேஜ் வைத்தேன். முப்பத்தாறரை.

"கிளம்பினப்ப முப்பத்திநாலு," என்றேன். "வந்தப்ப முப்பத்தொன்பது. இப்ப முப்பத்தாறரை. அப்ப சரிபாதி ஆறியிருக்கு. பாதி ஆறின டயருக்கு முப்பதுக்கும் முப்பத்திநாலுக்கும் பாதி. முப்பத்திரெண்டு வை."

"முப்பத்திரெண்டா? இதுவரைக்கும் முப்பது, முப்பத்திநாலு. இப்ப புதுசா முப்பத்திரெண்டு. ஏலம் போடுறீங்களா?"

"கணக்கு சொன்னேன்ல."

"உங்க கணக்கைக் கேட்டதுல பல்லு தப்பிச்சதே பெருசு. நான் முப்பதுக்கே இறக்கிடுறேன்."

"இறக்கினா ஆறின டயருக்கு இருபத்தெட்டு வெச்ச கணக்கு. பின்பக்கம் குழைஞ்சு நெளியும். மேடம் நெளியறதையும் ஆடறதையும் ஒண்ணாத்தான் எழுதுவா."

"நீங்க சொல்றதை நான் ஏன் நம்பணும்?" அவன் எழுந்து நின்றான். கழுத்து வரை தோல் உடுப்பு, அதற்கு மேல் வியர்த்த முகம். "சொல்லுங்க. எழுதினது தப்பாவே இருக்கட்டும், தெரியாமலே எழுதினதா இருக்கட்டும். என் மேல உங்களுக்கு என்ன அக்கறை? நான் விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டா முதல்ல சிரிக்கிற ஆள் நீங்கதான்."

நான் அக்கா தம்பி பாசத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். குடும்பம், ஒரே சோறு, அப்படி இப்படி. வாயில் வரவில்லை. வந்திருந்தாலும் அவன் நம்பியிருக்க மாட்டான்.

"டேய், நல்லாக் கேட்டுக்க," என்றேன். "உன் மேல எனக்கு அக்கறை கிடையாது. நீ கையை ஒடிச்சுக்கிட்டா எங்க வந்து படுப்பே?"

பதிலையும் நானே சொன்னேன்.

"என் முன்னறையில. கட்டுப் போட்ட கையோட, ஆறு மாசம். உங்கக்கா உனக்கு ஊட்டி விடுவா. தண்ணி எடுத்துத் தரச் சொல்லி என்னை எழுப்புவா. உன் வண்டியும் அங்கேயே நிக்கும். நீ ஜெயிச்சா இங்க ரூம் தர்றாங்க. நீ போயிடுவே. நான் ஒன்றரை வருஷம் கழிச்சு என் கட்டில்ல ஃபேனுக்கு அடியில முதுகை நீட்டுவேன். நீ ஜெயிக்கணும்னு உன்னைவிட எனக்குத்தாண்டா வெறி. உன் மூஞ்சியை நான் இனிமே பார்க்காம இருக்கணும்னா பின் சக்கரத்துல முப்பத்திரெண்டு வை."

மச்சினன் என் முகத்தையே பார்த்தான். பொய்க்கு அதில் ஒரு ஓரம்கூடக் கிடைக்கவில்லை போலிருக்கிறது. தோளைத் தளர்த்தினான்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே," என்றான்.

கேஜை என்னிடம் நீட்டினான்.

நான் உட்கார்ந்தேன். கிளம்புமுன் முப்பது வைத்த முன் சக்கரத்தையும் பார்த்தேன், முப்பத்திரண்டுதான் காட்டியது. என் கணக்கை அதுவே சொன்னது. அதைத் தொடவில்லை. பின் சக்கரத்து வால்வை நகத்தால் அழுத்தினேன். முப்பத்தாறு. முப்பத்துநான்கு. அவன் என் தலைக்கு மேலே குனிந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மூச்சு என் கழுத்தில் பட்டது. முப்பத்திரண்டில் விட்டேன். மூடியைத் திருகினேன்.

"விழுந்தேன்னா," என்று ஆரம்பித்தான்.

"விழுந்தேன்னா வீட்டுக்கு வராதே."

மேடம் கூப்பிட்டாள். போனான்.

அந்த ஆறு சுற்றையும் நான் பார்க்கவில்லை என்று சொன்னால் நன்றாக இருக்கும். ஆனால் பார்த்தேன். கம்ப்ரஸர் மேல் ஏறி நின்று பார்த்தேன். குழாயைப் பிடித்துக்கொண்டு ஒருவன் கீழே கத்திக்கொண்டே இருந்தான், இரு என்றேன். முதல் சுற்றில் அந்த வளைவை மெதுவாக எடுத்தான், என்னை நம்பாதவன் மாதிரி. இரண்டாவதில் கொஞ்சம் கூட்டினான். மூன்றாவதில் முழங்கால் தரையில் உரசியது. நிமிர்த்தி வேகம் எடுத்தான். பின்பக்கம் அப்படியே தரையைக் கவ்விக்கொண்டு வந்தது. நான்கு, ஐந்து, ஆறு. ஒன்றுக்கொன்று நகல் எடுத்தமாதிரி.

உள்ளே வந்தவன் இந்த முறை மூலைக்குப் போகவில்லை. வண்டியை நேராக என் காலடிக்கு உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, முதுகைக் காட்டி நின்றான். நானும் எதுவும் சொல்லவில்லை. பேசினால் ஆறிவிடும். பின்னால் முப்பத்தைந்து, ஒன்று குறைத்தேன். முன்னால் முப்பத்துநான்கு. முகம் பார்க்காமல் வேலை முடிந்தது. நாற்பத்திரண்டு மட்டும், "என்னய்யா, சண்டை அவ்வளவுதானா?" என்று ஏமாற்றமாகக் கேட்டான்.

மூன்றாவது ரவுண்டிலும் வண்டி ஆடவில்லை.

மத்தியானம் மேடம் அட்டையைப் பார்த்து இரண்டு பெயரைப் படித்தாள். இரண்டாவது பெயர் அவனுடையது. நாளையிலிருந்து வேலை, அறைச் சாவியை அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்றாள். மற்றவர்கள் அவன் முதுகில் தட்டினார்கள். அவன் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது. என் பக்கம் திரும்பியதும் அந்தச் சிரிப்பை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டான்.

குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தேன். வந்து நின்றான்.

"உங்களுக்கு ரூம் கிடைச்சிருச்சு."

"உனக்கு வேலை கிடைச்சிருச்சு."

"சாமான் எடுக்க வேன் பிடிக்கணும்."

"பிடிச்சாச்சு. நாலு மணிக்கு வீட்டு வாசல்ல நிக்கும்."

அவன் நெற்றி சுருங்கியது. "இப்பதானே பேரே படிச்சாங்க. எப்பப் பிடிச்சீங்க?"

"ரெண்டாவது ரவுண்டு முடிஞ்சதும் போன் பண்ணேன்."

"மூணாவதுல விழுந்திருந்தா?"

"வேன் எப்படியும் வந்திருக்கும்."

அவன் வண்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்கு ரோட்டுல போகணும். காத்து ஏத்தணும்," என்றான்.

சுற்றிய குழாயை மறுபடி விரித்தேன். அவனுக்கு முன்னால் ரோட்டுக்குக் காற்றுப் பிடிக்க இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், அதில் ஒருவன் நாற்பத்திரண்டு.

"வரிசையில வா," என்றேன்.